கொடுவா வளர்க்கப் போகிறீர்களா? குஞ்சு எங்கே பிறந்தது என்று முதலில் கேளுங்கள்

குறுவைக்கு விதைநெல் வாங்கும்போது என்ன செய்கிறீர்கள்? மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ரகம் என்ன, முளைப்புத்திறன் எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்கிறீர்கள். 1922-ஆம் ஆண்டு முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிற வட்டாரம் இது. திருவிடைமருதூர் பக்கத்து விவசாயிக்கு விதையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் அதே விவசாயி பண்ணைக்குட்டைக்கு மீன்குஞ்சு வாங்கும்போது இரண்டே கேள்விதான் கேட்கிறார். குஞ்சு என்ன விலை? எப்போது கொண்டு வந்து விடுவீர்கள்?

திருவிடைமருதூர் அருகே எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி 20 சென்ட் குட்டையில் கொடுவா வளர்க்க ஆசைப்பட்டார். கெண்டையைவிடக் கொடுவாவுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு வியாபாரி கொண்டுவந்த குஞ்சுகளில் ஆயிரத்தை வாங்கி விட்டார். இரண்டு மாதம் கழித்து வலை இழுத்தபோது நூறு மீன்கூடத் தேறவில்லை. கிடைத்தவற்றிலும் சில நன்றாகப் பெரிதாகியிருந்தன, சில விரல் நீளம்தான் இருந்தன. "தண்ணியில ஏதும் கோளாறா சார்?" என்று என்னிடம் கேட்டார். தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்தோம். குறை ஒன்றும் இல்லை. பெரிய குஞ்சுகள் சிறிய குஞ்சுகளைத் தின்றிருந்தன.

இதில் என் பங்கும் உண்டு. குட்டை வெட்டும்போது அவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். கரை உயரம், ஆழம், சுண்ணாம்பு அளவு, கார அமில நிலை எல்லாம் சொன்னேன். உழவியல் படித்த எனக்கு மண்ணும் நீரும்தான் முதலில் கண்ணில் பட்டன. குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை உங்களையாவது கேட்க வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீன்

கொடுவா முட்டையிடுவது கடல்நீரில், ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய பகுதியில். பொரித்த குஞ்சுகள் கழிமுகம் வழியாக உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் ஏறி வரும். நல்ல தண்ணீரில் வளர்ந்து, முதிர்ந்ததும் மறுபடி கடலுக்குத் திரும்பும். உப்புநீர், உவர்நீர், நன்னீர் மூன்றையும் தாங்கும் உடல்வாகு இதற்கு உண்டு. கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் நம் குட்டையிலும் இது வளர்வதற்குக் காரணம் இதுதான்.

வளரும், ஆனால் இங்கே குஞ்சு வைக்காது. முட்டை முதிர்ந்து, கருவுற்று, பொரிக்கக் கடல்நீர் வேண்டும். எனவே ஒவ்வொரு முறையும் குஞ்சுக்காக நீங்கள் வெளியேதான் போக வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் இந்த மீனுக்கு உண்டு. கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, நான்கைந்து கிலோ எடையைத் தாண்டும் வயதில் பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடுகின்றன. ஆகவே ஒரு குஞ்சு பொரிப்பகம் நல்ல பெண் மீன் வேண்டும் என்று நினைத்தால் ஐந்தாறு ஆண்டுகள் தாய்மீனைப் பாதுகாத்து வளர்க்க வேண்டும். நல்ல குஞ்சு ஏன் மலிவாகக் கிடைப்பதில்லை என்பதற்கு இதுவே பாதி விடை.

சோங்க்லாவிலிருந்து தொடுவாய் வரை

ஒரு காலத்தில் முகத்துவாரங்களில் வலை போட்டுப் பிடித்த குஞ்சுகளைத்தான் குளங்களில் விட்டார்கள். ஓர் ஆண்டு கிடைக்கும், ஓர் ஆண்டு கிடைக்காது. அளவும் வயதும் கலந்திருக்கும். வேறு மீன் குஞ்சுகளும் சேர்ந்து வரும்.

கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை 1970-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சோங்க்லாவில் உருவாக்கினார்கள். இந்தியாவில் முதன்முதலாக 1997-இல் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்து காட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள அதன் ஆய்வுப் பண்ணையில் தாய்மீன்களை வளர்த்து முட்டையிடச் செய்தார்கள். அதே நிலையம் 2015-இல் பால்கெண்டையையும் இனப்பெருக்கம் செய்தது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2010-இல் கடல் விராலையும் 2011-இல் வெள்ளிப் பாம்பனோ மீனையும் குஞ்சு பொரிக்க வைத்தது. கடல் விரால் கடற்கரையில் கூண்டு போட்டு வளர்ப்பவர்களுக்கான மீன். யாராவது அந்தக் குஞ்சைக் கொண்டுவந்து உங்கள் நன்னீர்க் குட்டையில் விடச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம். கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் இயங்குவது. திருமுல்லைவாசலை அடுத்த தொடுவாயில் இதற்குக் கொடுவா குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. திருவிடைமருதூரிலிருந்து மயிலாடுதுறை, சீர்காழி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு காலைப்பொழுதில் போய் வந்துவிடலாம்.

பொரிப்பகத்தில் என்ன நடக்கிறது?

இதை ஓரளவு தெரிந்துகொண்டால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்.

தாய்மீன்களைப் பெரிய தொட்டிகளிலோ கடல் கூண்டுகளிலோ வைத்து மத்தி போன்ற மீன்களையும் கணவாயையும் கொடுத்து வளர்க்கிறார்கள். பெண் மீனின் வயிற்றில் மெல்லிய குழாய் செலுத்திச் சில முட்டைகளை எடுத்து நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். முட்டை 0.45 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் மீன் தயார். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற விகிதத்தில் தேர்ந்தெடுத்து ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். 30 முதல் 36 மணி நேரத்தில் மீன்கள் முட்டையிடுகின்றன. கருவுற்ற முட்டை மிதக்கும், கருவுறாதது கீழே தங்கும். விதைநெல்லை உப்புக்கரைசலில் போட்டுப் பதரைப் பிரிப்பது நினைவுக்கு வருகிறதா? இங்கே மேலே மிதப்பதுதான் நல்ல விதை.

சுமார் 17, 18 மணி நேரத்தில் முட்டை பொரிக்கும். வெளிவரும் உயிர் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்தான். மூன்றாம் நாள் வாய் திறக்கும். அந்த வாய்க்குள் எந்தத் தூள் தீவனமும் போகாது. எனவே பச்சைப்பாசியில் வளர்க்கப்பட்ட ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை முதலில் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய பத்தாம் நாளிலிருந்து ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் வகையின் குஞ்சுகளைக் கொடுக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மெல்ல மெல்லத் தீவனத்துக்குப் பழக்குகிறார்கள்.

இந்த மூன்று நான்கு வாரத்தில்தான் குஞ்சின் தரம் முடிவாகிறது. கடல் மீன் குஞ்சுகளுக்கு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும். தேவையான அளவு அவற்றின் உடலே தயாரித்துக்கொள்ளாது. ரோட்டிஃபருக்கும் ஆர்ட்டீமியாவுக்கும் அந்தச் சத்தை ஊட்டி, பிறகு குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். இதில் சிக்கனம் பிடித்தால் குஞ்சு நோஞ்சானாகும். தொட்டி நீரின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் குஞ்சு மேலே வந்து முதல் காற்றை விழுங்க முடியாது. காற்றுப்பை விரியாத குஞ்சு சரியாக நீந்தாது, முதுகு வளைந்துபோகும். அப்படிப்பட்ட குஞ்சு உங்கள் குட்டையில் எவ்வளவு தீவனம் தின்றாலும் தேறாது.

நோயும் தாய்வழியே வரலாம். கொடுவாக் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்லும் நரம்பு நசிவு வைரஸ் தாய்மீனிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் பரவக்கூடியது. அதனால் தாய்மீனையும் குஞ்சையும் பி.சி.ஆர். முறையில் பரிசோதிக்க வேண்டும். கழிமுகத்தில் பிடித்த குஞ்சுக்கு இப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

தரம் பிரிக்காவிட்டால் தின்று தீர்த்துவிடும்

கொடுவா ஊன் தின்னி. தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள தம்பியைக்கூட விழுங்கிவிடும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில்கூடச் சில வேகமாக வளர்ந்து முந்திவிடும். அவை மற்றவற்றைத் தின்று இன்னும் வேகமாக வளரும். எனவே தீவனத்துக்கு மாறும் நாள் முதல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல பொரிப்பகம் இதைச் செய்துதான் விற்கும். நம் விவசாயிக்கு வந்த குஞ்சில் அரை அங்குலமும் இருந்தது, இரண்டு அங்குலமும் இருந்தது. குட்டையில் விட்ட அன்றே சண்டை தொடங்கிவிட்டது.

நெல்லைப் போல மீனிலும் ரகம் உருவாகுமா?

ஆடுதுறை 27 நெல் 1960-களில் டெல்டாவில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மீனிலும் அது நடந்திருக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1992-இல் நார்வே நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ரோகு மீனில் தேர்வு முறை இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ரோகுவைத் திரட்டி, வேகமாக வளரும் குடும்பங்களை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. அதுதான் இன்று நீங்கள் கேள்விப்படும் 'ஜெயந்தி ரோகு'.

கொடுவாவில் இந்த வேலை கடினம். ஒரு தொட்டியில் பல மீன்கள் சேர்ந்து முட்டையிடும்போது எந்தக் குஞ்சு யாருடையது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஓரிரு தாய்மீன்களே பெரும்பாலான குஞ்சுகளைக் கொடுத்திருக்கலாம். அந்தக் குஞ்சுகளையே மீண்டும் தாய்மீனாக வைத்தால் ஓரிரு தலைமுறையில் நெருங்கிய உறவுக் கலப்பு வந்து, வளர்ச்சி குன்றும், ஊனம் கூடும். இன்று மரபணுச் சோதனை மூலம் குஞ்சின் பெற்றோரைக் கண்டுபிடிக்க முடிகிறது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் அதைக் கொண்டு கொடுவாவில் தேர்வு இனப்பெருக்கம் செய்துவருகிறார்கள். மீன் ஆணாக இருந்து பெண்ணாக மாறுவதால் ஒரே வயது மீன்களை இணை சேர்ப்பதும் எளிதல்ல. ஆண் மீனின் விந்தை உறைநிலையில் சேமித்து வைப்பது இதற்கு ஒரு வழி. ஒரு தலைமுறைக்கே பல ஆண்டுகள் ஆவதால், நெல்லில் வந்த வேகத்தில் கொடுவாவில் ரகம் வராது. யாராவது 'ஹைபிரிட் கொடுவா', 'வீரிய ரகக் கொடுவா' என்று சொல்லி விலை கூட்டினால், எந்த நிலையம் வெளியிட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

குஞ்சு வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. குஞ்சு எந்தப் பொரிப்பகத்தில், எந்தத் தேதியில் பொரித்தது? ரசீதில் அதை எழுதித் தருவீர்களா?

2. வைரஸ் பரிசோதனை செய்த அறிக்கை இருக்கிறதா? இந்தத் தொகுதிக் குஞ்சுக்கான அறிக்கைதானா?

3. கடைசியாக எப்போது தரம் பிரித்தீர்கள்? ஒரு கை வலையில் குஞ்சுகளை அள்ளி, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியதன் நீளத்தில் முக்கால் பங்குக்கும் குறைவாகச் சிறியது இருந்தால் அந்தக் குஞ்சு வேண்டாம்.

4. மிதக்கும் தீவனத்துக்குப் பழகியிருக்கிறதா? உங்கள் கண்முன்னே ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்கள். தீவனம் தெரியாத குஞ்சு பக்கத்துக் குஞ்சைத்தான் தின்னும்.

5. எந்த உப்பளவு நீரில் இருக்கிறது? நம் குட்டை நன்னீர். சில நாட்கள் எடுத்து, படிப்படியாக உப்பைக் குறைத்து நன்னீருக்குப் பழக்கித் தரச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கடல்நீரில் இருந்த குஞ்சைப் பையோடு கொண்டுவந்து அப்படியே குட்டையில் கொட்டக் கூடாது.

முதுகு வளைந்த, தாடை கோணிய, தலைகீழாகச் சுற்றும் குஞ்சுகள் நூற்றுக்குச் சிலவற்றுக்கு மேல் கண்ணில் பட்டால் திரும்பி வந்துவிடுங்கள். போன டீசல் செலவோடு நட்டம் முடியும்.

குட்டைக்கு வந்த பிறகு

முதல் முறை வளர்ப்பவர்கள் ஒரு அங்குலத்துக்கும் குறைவான குஞ்சை வாங்க வேண்டாம். 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள விரலளவு குஞ்சாக வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மிகவும் ஆபத்தான நாட்களைப் பொரிப்பகத்திலேயே கழித்துவிட்டு வருவதால் பிழைப்பு அதிகம்.

சின்னக் குஞ்சுதான் கிடைக்கிறது என்றால், நேரே குட்டையில் விடாதீர்கள். 2 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஹாப்பா வலைக்கூண்டுகளைக் குட்டைக்குள்ளேயே கட்டி, அதில் விட்டு வளருங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது தீவனம் கொடுங்கள். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து வேறு வேறு கூண்டில் விடுங்கள். வலைக்கண்ணில் பாசி அடைத்தால் மாற்றுங்கள். இரண்டு மாதத்தில் விரலளவு வரும். நாற்றங்கால் போல இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குட்டையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மீன் போதும். 20 சென்ட் குட்டைக்குச் சுமார் 800 குஞ்சு. கட்லா, ரோகு குஞ்சுகளை இதனுடன் கலந்து விட்டால் அவை கொடுவாவுக்கு உணவாகிவிடும்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

800 குஞ்சில் 70 சதவீதம் பிழைத்தால் 560 மீன். நல்ல கவனிப்பில் ஓராண்டில் சுமார் ஒரு கிலோ வரும் என்று வைத்தால் 560 கிலோ. கொடுவாவுக்கு 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள தீவனம் வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ தீவனம் என்றால் 1,120 கிலோ. இன்றைய விலையில் பெருக்கி, குஞ்சு விலை, மின்சாரம், கூலியையும் சேருங்கள். பிறகு கும்பகோணம் மீன் சந்தையில் கொடுவா என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று நேரில் கேளுங்கள். இரண்டு தொகையையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தீவனத்துக்குப் பதில் கழிவு மீன் போடலாம் என்பார்கள். ஒரு கிலோ கொடுவாவுக்கு ஆறேழு கிலோ கழிவு மீன் வேண்டும். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் அதைத் தினமும் கொண்டுவருவது கட்டாது. தண்ணீரும் கெடும்.

பிழைப்பு 70 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கினால் கையில் 80 மீன்தான். குஞ்சு விலையில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த ஒரு கணக்கே சொல்லும்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது. கொடுவாவோ ஆண்டு முழுவதும் குட்டையில் இருக்கும். கோடையில் நான்கரை அடிக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்த ஆழ்துளைக் கிணறு இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்குக் கெண்டையே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை வழிந்தால் மீன் வாய்க்காலுக்குப் போய்விடும். எனவே மழை முடிந்து தை, மாசியில் விரலளவு குஞ்சை விட்டு, அடுத்த பருவமழைக்கு முன் பெரியவற்றைப் பிடித்து விற்றுவிடும்படி திட்டமிடுங்கள். எல்லா மாதமும் குஞ்சு கிடைக்காது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

குட்டை வெட்டவும் இடுபொருளுக்கும் 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்ற விதி இருக்கிறது. இப்போதைய நிலவரத்தைத் தஞ்சாவூரில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். வேளாண் விரிவாக்கப் பணியில் உள்ளவர்கள், விவசாயிகளைப் பத்துப் பதினைந்து பேராகச் சேர்த்து ஒரு பொரிப்பகத்துக்கு அழைத்துப் போனால் பெரிய உதவியாக இருக்கும். சேர்ந்து வாங்கினால் பரிசோதனை அறிக்கை கேட்கும் வலுவும் கூடும், வண்டி வாடகையும் பங்காகும்.

அந்த விவசாயி குட்டையைக் காயவைத்து, சுண்ணாம்பு இட்டு வைத்திருக்கிறார். தையில் மறுபடி விடப் போகிறாராம். இந்த முறை 400 குஞ்சு போதும், விரலளவு வேண்டும், அறிக்கை இல்லாமல் பணம் தர மாட்டேன் என்கிறார். வாங்கப் போகும் அன்று நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.